மகள் மொழிபெயர்த்துச் சொன்ன ‘தமே’

டோக்கியோவின் கிழக்குப் பகுதியில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தென் தமிழ்நாட்டுக்காரர். ஐந்து ஆண்டுகளாக அங்கே மென்பொருள் வேலை. கூடவே கணவரும் ஐந்து வயது மகளும். கம்பெனி கொடுத்த குடியிருப்பை மார்ச் மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்பதால் வாடகை வீடு தேடுகிறார்கள். இரண்டு இடங்களில் “ஜப்பானியப் பிணையாளர் இல்லை” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் தரகர் இவர்கள் எதிரிலேயே வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். மறுமுனையில் பேசியது அறைக்கே கேட்டது. ஹோய்குஎன் எனப்படும் குழந்தைகள் காப்பகத்தில் ஜப்பானிய மொழியிலேயே வளர்ந்த மகள் அம்மாவின் கையை இழுத்து, “காய்கோகுஜின் தமேவாம்மா, நாம ஏன் தமே?” என்று கேட்டிருக்கிறாள். வெளிநாட்டவர் கூடாது என்று பொருள்.

கணவரின் கதை வேறு. சைக்கிளில் போகும்போது போலீஸ் அவரை இரண்டு முறை நிறுத்தியிருக்கிறது. ஒருமுறை ரெசிடென்ஸ் கார்டை (வெளிநாட்டவர் தங்குவதற்கான அடையாள அட்டை) வீட்டில் மறந்துவிட்டுப் போனதால், கோபான் எனும் சிறு காவல் நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். ரயிலில் பக்கத்து இருக்கை காலியாகவே இருப்பதையும் எழுதியிருக்கிறார். கடைசியில் ஐந்து கேள்விகள். “வழக்குப் போட முடியுமா? புகார் செய்தால் விசா புதுப்பிப்பது பாதிக்குமா? வீட்டுக்காரர் பெயரை இணையத்தில் போடலாமா? அலுவலக நண்பர் ஒருவர் தன் பெயரில் வீடு எடுத்துத் தருகிறேன் என்கிறார், சரிதானா? மகளுக்கு என்ன பதில் சொல்வது?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தத் தொலைபேசி உரையாடல் நடந்தபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரிகிறது. டோக்கியோவில் வெளிநாட்டவர் விவகாரங்களைப் பார்க்கும் சட்ட அலுவலகத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வீடு மறுக்கப்பட்ட கதை இங்கே வராத மாதமே இல்லை. உங்களுக்கு நடந்தது அவமானம்தான். அதைச் சின்ன விஷயம் என்று நீங்களே தள்ளிவிட வேண்டாம்.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. ஜப்பான் நீதி அமைச்சகம் வெளிநாட்டவரிடம் முதல்முறையாக ஒரு விரிவான கணக்கெடுப்பு நடத்தி 2017 இல் வெளியிட்டது. முந்தைய ஐந்து ஆண்டுகளில் வீடு தேடியவர்களில் சுமார் 39 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்ற காரணத்தால் மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். ஜப்பானியப் பிணையாளர் இல்லை என்று மறுக்கப்பட்டவர்கள் சுமார் 41 சதவீதம். ‘வெளிநாட்டவருக்கு இல்லை’ என்ற வரியைப் பார்த்துவிட்டு விசாரிக்காமலே விட்டவர்கள் கால்வாசிக்கும் மேல். இவை அரசாங்கமே வெளியிட்ட எண்கள். “அப்படியெல்லாம் இங்கே கிடையாது, நீங்கள்தான் தவறாகப் புரிந்துகொண்டீர்கள்” என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொன்னால் இந்த எண்களைக் காட்டுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

உங்கள் கடிதத்தில் இரண்டு எதிரெதிரான எண்ணங்கள் இருக்கின்றன. ஒரு இடத்தில் “இந்த நாட்டில் இதற்குச் சட்டமே இல்லையாமே” என்கிறீர்கள். இன்னொரு இடத்தில் “அந்த வீட்டுக்காரரை உள்ளே தள்ள முடியாதா” என்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை.

தனியார் ஒருவர் இனத்தையோ நாட்டையோ காரணமாக வைத்து வீடு மறுத்தால் அதைக் குற்றமாக்கித் தண்டனை கொடுக்கும் பொதுவான சட்டம் ஜப்பானில் இல்லை. 2016 இல் வந்த வெறுப்புப் பேச்சுத் தடுப்புச் சட்டத்திலும் தண்டனை கிடையாது. கவாசாகி நகரம் 2019 இல் கொண்டுவந்த விதியில் 5 லட்சம் யென் வரை அபராதம் உண்டு. ஆனால் அது பொது இடத்தில் திரும்பத் திரும்ப வெறுப்பைப் பரப்புகிறவர்களுக்கானது, வாடகை வீட்டுக்கு அல்ல. ஆகவே யாரும் சிறைக்குப் போகப் போவதில்லை.

ஆனால் சிவில் சட்டம் இருக்கிறது. இன்னொருவரின் உரிமைக்குக் கேடு செய்தால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்கிறது அதன் 709 ஆவது பிரிவு. அரசியலமைப்பின் 14 ஆவது பிரிவு சமத்துவத்தைச் சொல்கிறது. இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் ஜப்பான் 1995 இல் சேர்ந்தது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் நீதிபதிகள் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

ஹமாமட்சு நகரில் ஒரு நகைக்கடைக்குள் போன பிரேசில் நாட்டுப் பெண்ணை, அவர் எந்த ஊர் என்று தெரிந்ததும் வெளியே போகச் சொன்னார்கள். 1999 இல் நீதிமன்றம் அவருக்கு 15 லட்சம் யென் கொடுக்கச் சொன்னது. ஒதாரு நகரத்து வெந்நீர்க் குளியலகம் ஒன்று ‘ஜப்பானியர் மட்டும்’ என்று பலகை வைத்திருந்தது. அதை எதிர்த்து மூன்று பேர் வழக்குப் போட்டார்கள். அவர்களில் ஒருவர் ஏற்கெனவே ஜப்பானியக் குடியுரிமை பெற்றுவிட்டவர்! முகத்தைப் பார்த்துத்தான் அவரையும் மறுத்தார்கள். 2002 இல் சப்போரோ நீதிமன்றம் ஆளுக்கு 10 லட்சம் யென் கொடுக்கச் சொன்னது. நகராட்சி சரியாகத் தடுக்கவில்லை என்ற வாதம் மட்டும் எடுபடவில்லை.

வீடு பற்றிய இரண்டு தீர்ப்புகள் உங்களுக்கு இன்னும் நெருக்கமானவை. கியோட்டோவில் ஒரு கொரியப் பெண்ணுக்கு, பேச்சுவார்த்தை முடிந்து பணமும் கட்டிய பிறகு, ஜப்பானியர் இல்லை என்று சொல்லி வீட்டுக்காரர் பின்வாங்கினார். 2007 இல் நீதிமன்றம் 11 லட்சம் யென் கொடுக்கச் சொன்னது. மற்றொன்று நம் நாட்டவர் ஒருவர் போட்ட வழக்கு. வீடு கேட்டுப் போன் செய்த அவரிடம் தரகு நிறுவன ஊழியர் தோல் நிறம் என்ன என்று துருவித் துருவிக் கேட்டார். அது சட்டவிரோதம் என்று 2003 இல் சைதாமா நீதிமன்றம் சொல்லி நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. வீட்டுக்காரர் மட்டும்தான் பொறுப்பு என்றில்லை, தரகரின் வாயும் பொறுப்பாகலாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

உங்கள் வழக்கு நிற்குமா?

நேராகச் சொல்லிவிடுகிறேன்: கஷ்டம். யாரோடு ஒப்பந்தம் போடுவது என்பது அவரவர் இஷ்டம் என்ற கொள்கைக்கு இந்த நாட்டு நீதிமன்றங்கள் நிறைய இடம் கொடுக்கின்றன. பேச்சு எந்தக் கட்டத்தில் முறிந்தது என்பது அதனால் முக்கியமாகிறது. கியோட்டோ பெண்ணுக்குப் பணம் கட்டிய கட்டத்தில் முறிந்தது. உங்களுக்கு முதல் போனிலேயே முறிந்துவிட்டது. அந்த வார்த்தைகளுக்கு எழுத்துச் சான்றும் இல்லை, பதிவும் இல்லை. வக்கீல் செலவையும், ஓராண்டுக்கு மேல் இழுக்கக்கூடிய அலைச்சலையும் கணக்குப் போட்டால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த ஒரு போனை வைத்து இப்போதே வழக்குக்குப் போக மாட்டேன்.

அதற்காக எல்லாவற்றையும் மூடி வைக்கச் சொல்லவில்லை. நஷ்டஈடு கேட்க, நடந்ததையும் செய்தவரையும் அறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் உண்டு. முதல் இரண்டு இடங்கள், இந்த மூன்றாவது இடம், இனி போகப்போகும் இடங்கள் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். மறுப்பை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். “வீட்டுக்காரர் என்ன காரணம் சொன்னார் என்று ஒரு வரி அனுப்ப முடியுமா” என்று பணிவாகக் கேட்டால் பல தரகர்கள் அப்படியே எழுதி அனுப்பிவிடுகிறார்கள், அதில் தவறு இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. நீங்கள் கலந்துகொள்ளும் உரையாடலை நீங்களே பதிவு செய்வதும் குற்றம் இல்லை. சிவில் வழக்கில் அதைப் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

இப்போதே செய்யக்கூடியது நீதி அமைச்சகத்தின் மனித உரிமை ஆலோசனைக்குப் போவது. 0570-090911 என்ற எண்ணில் ஆங்கிலத்தில் பேசலாம், ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. (தமிழ் இல்லை, நேபாளி உண்டு.) அவர்கள் விசாரிக்கலாம், இரு தரப்பையும் பேச வைக்கலாம், தவறு என்று எடுத்துச் சொல்லலாம். அபராதம் போடும் அதிகாரம் இல்லை. ஆனாலும் அரசு அலுவலகத்திலிருந்து ஒரு அழைப்பு வந்தால் தரகர்கள் அடுத்த முறை யோசிக்கிறார்கள். சட்ட உதவிக்கு ஹோதெராசு என்ற அமைப்பின் பன்மொழி எண் 0570-078377. அவர்கள் தரும் வழக்குச் செலவு உதவிக்கு வருமான வரம்பு உண்டு. உங்கள் சம்பளத்துக்கு அது கிடைக்காமல் போகலாம், தகவல் எல்லோருக்கும் உண்டு.

விசா பயம்

வருகிற ஆண்டு புதுப்பிக்க வேண்டும் என்பதால் வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பயம்தான் நம் ஆட்களை அதிகம் ஊமையாக்குகிறது. தங்கும் அனுமதியை ரத்து செய்வதற்கான காரணங்களைக் குடிவரவுச் சட்டம் வரிசையாகச் சொல்கிறது. மனித உரிமைப் புகார் கொடுப்பதோ நஷ்டஈடு கேட்பதோ அதில் இல்லை. உண்மையில் கவனிக்க வேண்டியது முகவரி. வீடு மாறினால் 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் புது முகவரியைப் பதிய வேண்டும். 90 நாள் வரை நியாயமான காரணம் இல்லாமல் பதியாமல் இருந்தால் அனுமதியே ரத்தாகலாம்.

நண்பர் பெயரில் வீடு எடுக்கும் யோசனை இங்கேதான் ஆபத்தாகிறது. அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஒருவர் பெயரில் எடுத்து இன்னொருவர் குடியிருந்தால், அதைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தையே முறிக்கலாம். அப்போது நீங்களும் தெருவில், நண்பரும் சிக்கலில். அந்த முகவரியை நீங்கள் வார்டு அலுவலகத்தில் பதிந்தால் குட்டு வெளிப்படும், பதியாவிட்டால் விசாவுக்குக் கேடு. அவர் உண்மையிலேயே உதவ விரும்பினால் அவசரத் தொடர்பு நபராகத் தன் பெயரைக் கொடுக்கட்டும். கம்பெனியே தன் பெயரில் எடுத்து ஊழியரைக் குடிவைக்கும் முறை வேறு. அது வீட்டுக்காரருக்குத் தெரிந்தே நடப்பது, முழுக்கச் சரியானது. உங்கள் மனிதவளப் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

வீடு கிடைக்க வழி

முதல் இரண்டு மறுப்புகளையும் மூன்றாவதையும் நீங்கள் ஒரே தட்டில் வைத்திருக்கிறீர்கள். பிணையாளர் இல்லை என்பது ஜப்பானியர்களுக்கும் வரும் சிக்கல். அதற்காகவே ஹோஷோ காய்ஷா எனும் பிணை நிறுவனங்கள் இருக்கின்றன. கட்டணம் வாங்கிக்கொண்டு அவை பிணை நிற்கும். தரகரிடம் போனவுடன் “ஹோஷோ காய்ஷா மூலம் எடுக்கத் தயார்” என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். அதற்குப் பிறகும் இல்லை என்றால், பிணையாளர் என்பது சாக்குத்தான் என்பது தெளிவாகிவிடும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதைவிட நல்ல வழி யூஆர் வீடுகள். அரசு சார்ந்த நகர மறுசீரமைப்பு நிறுவனத்தின் அடுக்குமாடிகள் இவை. பிணையாளர் வேண்டாம், வீட்டுக்காரருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கும் ரெய்கின் வேண்டாம், தரகுக் கட்டணம் இல்லை, ஒப்பந்தம் புதுப்பிக்கக் கட்டணம் இல்லை. முன்பணமும் வருமானத் தகுதியும் உண்டு, தகுதி இருந்தால் நாட்டைப் பார்ப்பதில்லை. கிழக்கு டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் இத்தனை இந்தியக் குடும்பங்கள் எப்படி வந்தன என்று நினைக்கிறீர்கள்? 2000 ஆம் ஆண்டு கணினிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த பொறியாளர்கள் தனியார் வீடு கிடைக்காமல் அல்லாடினார்கள். அந்தப் பகுதியில் இருந்த யூஆர் குடியிருப்புகள்தான் கதவைத் திறந்தன. அப்புறம் மளிகைக் கடை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. நீங்கள் இருப்பதும் கிழக்குப் பக்கம்தான், முதலில் அங்கே போய் விசாரியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வயதானவர்கள், வெளிநாட்டவர் போன்றவர்களை மறுக்க மாட்டோம் என்று பதிவு செய்த தனியார் வாடகை வீடுகளின் பட்டியலை 2017 முதல் அரசு வைத்திருக்கிறது. வார்டு அலுவலகத்தின் வீட்டுவசதிப் பிரிவில் கேட்டால் காட்டுவார்கள்.

இணையத்தில் பெயர் போடுவது

தயவுசெய்து வேண்டாம். உண்மையைத்தானே எழுதுகிறோம் என்பது இங்கே முழுப் பாதுகாப்பு ஆகாது. ஜப்பானில் உண்மையைச் சொன்னாலும் அவதூறு வழக்கு வரலாம். பொதுநலம் கருதிச் சொன்னேன் என்பதையும், சொன்னது உண்மை என்பதையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவராக இருந்த நீங்கள் ஒரே இரவில் குற்றம் சாட்டப்பட்டவராகிவிடுவீர்கள். பெயர், முகவரி, கட்டடப் படம் எதுவும் இல்லாமல் உங்கள் அனுபவத்தை எழுதுவது வேறு. அதைத் தாராளமாக எழுதுங்கள்.

உங்கள் கணவருக்கு

கோபானில் நடந்தது உங்களைக் கொதிக்க வைத்திருக்கிறது. ஆனால் சட்டப்படி அன்று அவர் பக்கமும் ஒரு தவறு இருக்கிறது. 16 வயது முடிந்த வெளிநாட்டவர் ரெசிடென்ஸ் கார்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம். கேட்டும் காட்ட மறுத்தால் சிறைத்தண்டனை வரைக்கும் போகலாம். போனில் இருக்கும் படம் செல்லாது. குப்பை போடக் கீழே இறங்கினாலும் கார்டு பையில் இருக்கட்டும்.

சைக்கிள் விஷயத்தில் ஒன்று கேட்கிறேன். ஊருக்குத் திரும்பிய நண்பர் யாராவது கொடுத்துவிட்டுப் போன சைக்கிளா அது? திருட்டுத் தடுப்புப் பதிவு இன்னும் அந்த நண்பர் பெயரில் இருந்தால், நிறுத்தும்போதெல்லாம் திருட்டு வண்டியா என்ற கேள்வி வரும். பதிவை இவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் முகத்தைப் பார்த்தே நிறுத்துவது நடக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. டோக்கியோ வழக்கறிஞர் சங்கம் 2022 இல் வெளியிட்ட ஆய்வில், வெளிநாட்டுப் பின்னணி கொண்டவர்களில் 62.9 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் போலீஸால் நிறுத்தப்பட்டதாகச் சொன்னார்கள். 2024 ஜனவரியில் மூன்று பேர் இதை எதிர்த்து அரசு மீதே டோக்கியோவில் வழக்குப் போட்டார்கள். போலீஸ் ஒருவரை நிறுத்திக் கேட்க வேண்டுமானால் சந்தேகப்படத் தக்க நடத்தை ஏதாவது இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தோல் நிறம் நடத்தை இல்லையே!

நிறுத்தினால் கார்டைக் காட்டட்டும். காட்டுவதற்கு முன் அதிகாரியின் அடையாள அட்டையைக் கேட்கலாம், கேட்டால் அவர் காட்டியாக வேண்டும். என்ன காரணம் என்று கேட்கலாம், நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்ளலாம். குரலை உயர்த்துவதும் அதிகாரியின் கையைத் தட்டிவிடுவதும் மட்டும் கூடவே கூடாது. கடமையைத் தடுத்தார் என்று கைது செய்தால் குற்றப்பத்திரிகை இல்லாமலே 23 நாள் வரை உள்ளே வைக்க இந்த நாட்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அப்படி மாட்டிக்கொண்ட ஒருவரின் மனைவி எங்கள் அலுவலகத்தில் வந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

கார்டைக் காட்டச் சொல்ல போலீஸுக்கும் குடிவரவு அதிகாரிக்கும் உள்ள அதிகாரம் கடைக்காரருக்கோ தரகர் அலுவலக ஊழியருக்கோ கிடையாது. ஒப்பந்தம் போட ஒருவர் அடையாளம் கேட்பது சகஜம். வழியில் போகிற யாரோ கார்டைக் கேட்டால் காட்ட வேண்டியதில்லை.

ரயில் இருக்கையைப் பற்றிச் சட்டத்தில் சொல்ல எதுவும் இல்லை. அது வலிக்கும் என்பது உண்மை. எனக்கும் வலித்திருக்கிறது. சில நாள் அதற்கு வேறு காரணமும் இருக்கலாம், சில நாள் இருக்காது. வீட்டுக்காக அலைய வேண்டிய நேரத்தில் அதை ஆராய்ந்து உங்கள் தெம்பைச் செலவழிக்க வேண்டாம்.

மகளிடம்

கடைசிக் கேள்விக்கு ஒரு தகப்பனாகத்தான் பதில் சொல்ல முடியும். “அவருக்கு நம்மைத் தெரியாது, தெரியாமலே வேண்டாம் என்று சொன்னார், அது அவர் செய்த தப்பு” என்று நேராகச் சொல்லுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது புரியும். வீடு ஏற்கெனவே போய்விட்டது, உங்களுக்குத்தான் சரியாகக் காதில் விழவில்லை என்றெல்லாம் மழுப்பாதீர்கள். அவள் காதில் விழுந்தது உண்மை என்பது அவளுக்குத் தெரியும். காப்பகத்து ஆசிரியையிடமும் நடந்ததைச் சொல்லி வையுங்கள்.

அடுத்த முறை தரகரிடம் போகும்போது அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். அப்பா அம்மாவை வேண்டாம் என்று சொல்வதை மொழிபெயர்க்கும் வேலை பிள்ளைக்கு வரக் கூடாது. ஜப்பானிய மொழி நன்றாகத் தெரிந்த அந்த அலுவலக நண்பரைக் கூட்டிப் போங்கள். அவர் செய்யக்கூடிய பெரிய உதவியும் அதுதான், நாளைக்குத் தேவைப்பட்டால் சாட்சியாகவும் இருப்பார்.

யூஆர் அலுவலகத்துக்கு இந்த வார இறுதியிலேயே போய்விடுங்கள். மார்ச், ஏப்ரலில் இங்கே எல்லோரும் வீடு மாறுவார்கள், காலி வீடுகள் சீக்கிரம் போய்விடும். கிளம்பும் முன் அந்த மூன்றாவது தரகரின் கடைப் பெயர், பேசிய ஊழியரின் பெயர், தேதி, போனில் கேட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் நினைவில் இருக்கும்போதே எழுதி, அடியில் உங்கள் கையெழுத்தைப் போட்டு வையுங்கள். வீடு கிடைத்ததும் அந்தத் தாளோடு என்னிடம் வாருங்கள், மற்றதை உட்கார்ந்து பேசுவோம்.